கயேகாவுக்குத் தொண்டை கட்டிய நான்கு நாள்

எவேலியோ கரண்டியால் கட்டில் கம்பியை மூன்று முறை தட்டினார். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் மனைவி ஃபேலா, மூன்று என்றால் மகள் நிவியா. வீட்டில் இருப்பதே அவ்வளவு பேர்தான் என்பதால் இந்த ஏற்பாடு ஆறு வருடமாகக் குழம்பாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நிவியா காபியை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அப்பா தலையணைகளில் சாய்ந்து, மடியில் லாப்டாப்பை வைத்திருந்தார். கழுத்துத் துளைக்கு மேல் கட்டியிருந்த மெல்லிய துணி, ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒட்டி வெளியே உப்பியது. திரையை அவள் பக்கம் திருப்பினார். பெரிய எழுத்தில் ஒரே கேள்வி இருந்தது. "இன்னும் ஊமைதானா?"

"இன்னிக்கு சரி பண்ணிடறேன்ப்பா."

இரண்டே விரல்களால், நிதானமாக அடித்தார். "நேத்தும் இதையேதான் சொன்னே."

லாப்டாப்பின் குரலைக் கெடுத்தவள் அவள்தான்.

எவேலியோ சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை போட்டவர். சுருட்டு அவர் தொண்டையைத் தின்று, ஆறு வருடம் முன்பு குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே சர்க்கரை நோய் ஃபேலாவின் கண்களைக் கொண்டுபோயிருந்தது. ஒருவருக்குக் குரல் கிடையாது, மற்றவருக்குப் பார்வை கிடையாது. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, பேச வழியில்லாமல் கிடந்தார்கள். உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார்கள். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. ஆனால் அடுத்த வீட்டு வம்பை ஆமாம், இல்லையில் எப்படிச் சொல்வது? எவேலியோவோ வம்பில்லாமல் ஒரு நாள் இருக்க முடியாதவர்.

அப்போதுதான் மியாமி பக்கம் இருக்கும் அத்தை, யாரோ வைத்திருந்து தூக்கிப்போட்ட ஒரு லாப்டாப்பை அனுப்பிவைத்தாள். ஊரில் யாரும் கேள்விப்பட்டிராத கம்பெனி. அதில் ஒரு நிரல் இருந்தது. அடித்த எழுத்தை வாசித்துக் காட்டும். வாசித்தது ஸ்பெயின் நாட்டுப் பெண் குரல். இந்தத் தீவில் ஸ்பெயின்காரி எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் அவளுக்குப் பெயர் கயேகாதான். ஆக, வீட்டுக்கு நான்காவதாக ஒரு ஆள் வந்து சேர்ந்தாள். எவேலியோ அடிப்பார், மேல் வரிசையில் ஒரு பொத்தானை அழுத்துவார், கயேகா நாக்கைப் பல்லில் ஒட்டிக்கொண்டு தேவாலயப் பூசையில் வாசிப்பதுபோல் வாசிப்பாள். எவேலியோ எழுதுகிற கெட்ட வார்த்தைகளையும் அதே பக்தியோடு வாசிப்பாள். ஃபேலா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

"நாப்பத்தஞ்சு வருஷம் இந்தாளோட குடும்பம் நடத்தினேன்," என்று வருகிறவர்களிடம் சொல்வாள். "கடைசிக் காலத்துல வேற ஒருத்தியை நடுவுல வச்சுக்கிட்டுதான் எங்கிட்ட பேசறார்."

நிவியாவுக்கு ஆரம்பப் பள்ளியில், கணினி அறையைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு இயந்திரத்தைச் செய்யுமளவு தெரியாது, கெடுக்கப் போதுமான அளவு தெரியும். கொஞ்ச நாளாகக் கயேகா சொல்லுக்கு நடுவில் திக்க ஆரம்பித்திருந்தாள். பழைய சிஸ்டம், அதனால்தான் என்று நிவியா முடிவு கட்டினாள். வீடுகளில் இணையம் இல்லாத ஊருக்கு வாராவாரம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் வந்து சேரும் பொட்டலத்தில் சீரியல், சினிமா, பந்தாட்டம் எல்லாவற்றுக்கும் அடியில் புது சிஸ்டம் ஒன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை ஏற்றினாள். அப்பாவின் கோப்புகளை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டு மீதி எல்லாவற்றையும் துடைத்தாள். திரை பளபளவென்று வந்தது. வேகம் கூடியிருந்தது. கயேகாவையும் திரும்ப ஏற்றிப் பொத்தானை அழுத்தினாள்.

வாசிக்கிற சொல்லின் மேல் நீலப்பட்டை ஒவ்வொன்றாக நகர்ந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கணினி உறுப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தால், ஒலிக்கு நேரே எச்சரிக்கும் மஞ்சள் முக்கோணம்.

சவுண்டு டிரைவர் இல்லை. ஒலி எழுப்பும் சில்லுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் நின்று, இவர் சொன்னதை அவருக்குச் சொல்லும் சின்ன நிரல் அது. அது இல்லாவிட்டால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்துகொண்டே ஒன்றையொன்று அறியாது. பழைய டிரைவரைத்தான் அவள் தன் கையாலேயே துடைத்திருந்தாள்.

திங்கட்கிழமை அப்பாவுக்கு மூச்சு மோசமானது. புற்று நுரையீரலுக்குப் பரவி மாதக்கணக்காகியிருந்தது, தெரிந்ததுதான். அன்று நிவியா பொட்டலம் பிரதி எடுத்துக் கொடுக்கும் ஓஸ்மெலிடம் ஓடினாள். அவன் டிரைவர் தொகுப்பு என்று வைத்திருந்த மூன்று குறுந்தகடுகளிலும் இந்தச் சில்லுக்கு எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை பள்ளியில், ஊர்ந்து வரும் இணையத்தில், கம்பெனியின் பக்கத்தைப் பிடித்தாள். உங்கள் நாட்டிலிருந்து இந்தப் பக்கத்தைப் பார்க்க முடியாது என்று வந்தது. வெளிநாட்டுத் தடைக்கு ஆளான இந்தத் தீவுக்காரர்கள் பார்த்துப் பழகிய வாசகம்தான். ஆனாலும் ஒரு கிழவர் தன் பெண்டாட்டியிடம் பேசுவதற்குக்கூட நாடு பார்ப்பார்களா என்று அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏனென்றால் எவேலியோ ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து, மூச்சு விட்ட இடைவெளியில் எல்லாம், இரண்டு விரலால். யாராவது கட்டில் அருகே வந்தால் மூடியைச் சாய்த்துக்கொள்வார்.

"நான் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறேன்ப்பா. மனசுல வாங்காம படிக்கிறேன்," என்று நேற்று அவள் கேட்டும் பார்த்தாள். அவர் புதுப் பக்கம் திறந்து அடித்தார். "இது உனக்கில்ல."

"என்ன சொல்றார்?" என்று சாய்வு நாற்காலியிலிருந்து ஃபேலா கேட்டாள்.

"எனக்கில்லையாம்."

"அப்ப சரி. நான் காத்திருக்கேன்."

ஓஸ்மெல் இன்னொரு வழி சொல்லியிருந்தான். எழுத்தைக் கொடுத்தால் தன் கணினியில் வாசிக்கவைத்துப் பாட்டுபோல் பதிந்து தருவானாம். அவன் அறையில் எப்போதும் ஆறு பேர் வரிசையில் நிற்பார்கள். எவேலியோ இதைக் கேட்டு, இல்லை என்று இரண்டு முறை தட்டினார், அவ்வளவுதான். உன் கணினியையே கொண்டுவா என்றும் ஓஸ்மெலிடம் கேட்டுப் பார்த்தாள். அதுவோ பெட்டி இல்லாமல், மேசைமேல் குடல் சரிந்து, கம்பியும் நூலுமாகக் கிடந்தது. நகர்த்தினால் செத்துவிடும் என்று ஓஸ்மெல் சொன்னது பொய்யில்லை.

இப்படியாகப் புதன்கிழமை காலை. கிளினிக் டாக்டர் பெண் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கோ நாளைக்கோதான் நிவியா. நீங்க எங்கேயும் போகாம இருங்க."

அவள் சொல்லி முடிக்கவும் ஓஸ்மெல் மூச்சிரைக்க வந்து சேரவும் சரியாக இருந்தது.

"அக்கா, இதே லாப்டாப் ஊர்ல இன்னொண்ணு இருக்கு. அடியில ஒட்டின மாடல் நம்பர் வரைக்கும் ஒண்ணேதான். மூணு நாளா டிஸ்க்கோட வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். சீரியல் வாங்க வந்த கிழவிகிட்டகூட கேட்டேன். இப்பத்தான் பதில் வந்துச்சு."

"யார்கிட்ட?"

ஓஸ்மெல் தலையைச் சொறிந்தான். "பாப்டிஸ்ட் சபையில. பாஸ்டர் வீட்டுல. ஸ்க்ரீன் செத்துப்போச்சாம், பாட்டுப் போட மட்டும் வச்சிருக்காங்களாம்."

நிவியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தச் சபையின் ஒலிபெருக்கிக்கு எதிராக, பதினாலு வீட்டுக் கையெழுத்து வாங்கி மனு எழுதியவர் எவேலியோ. எழுதியது இதே லாப்டாப்பில். கயேகா அதைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள்.

உள்ளே போய்ச் சொன்னாள். அப்பாவின் விரல்கள் விரிப்பின் மேல் தாளம் போட்டன. அது அவருடைய சிரிப்பு. அப்புறம் அடித்தார். "ஊர்ல சத்தம் அவன்கிட்டதான் அதிகம். போய் வாங்கிட்டு வா."

"டாக்டர் என்னைப் போகவேண்டாங்கறா."

"போ."

"அப்பா..."

"போ" என்பது திரையிலேயே இருந்தது. அவர் அதைச் சுட்டிக்காட்டினார்.

வாசல்படியில் செருப்பு மாட்டும்போது நிவியா ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அம்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டிருந்தாள். அவள் உள்ளங்கை மலர்ந்திருந்தது. அப்பாவின் சுட்டுவிரல் அதில் நகர்ந்துகொண்டிருந்தது. தட்டவில்லை. ஒன்றா இரண்டா என்று எண்ணும்படி எதுவும் இல்லை. ரேகைகளின் மேல் மெதுவாகப் போய், நின்று, வளைந்து திரும்பியது. அம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்து, நடுவில் "ம்" கொட்டினாள். ஒன்றும் இரண்டும் தவிர அந்த உள்ளங்கையில் வேறு பேச்சு கிடையாது என்று நிவியா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். தான் இருக்கக்கூடாத இடத்தில் நிற்பதுபோல் கூச்சமாக இருந்தது. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு சைக்கிளை எடுத்தாள்.

பாஸ்டர் ஊரில் இல்லை. அவர் மனைவி நொயேமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தை முழுதாகக் கேட்கும் முன்பே பின்னறைக்கு நடந்தாள்.

"உங்கப்பா மனு எங்கிட்ட ஒரு பிரதி இருக்கு," என்றாள் பூட்டைத் திறந்துகொண்டே. "ரொம்ப அழகான நடை. 'கடவுள் செவிடர் அல்ல என்றே நம்புகிறோம்'னு ஒரு வரி. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். அந்த வாரத்துலேருந்து சத்தத்தைக் கொறைச்சுட்டோமே, கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தார்கள். எவேலியோ அதை அரசாங்கத்தின் வேலை என்று நினைத்திருந்தார்.

லாப்டாப்பை ஒரு பழைய டிவியோடு இணைத்திருந்தார்கள். நொயேமி ஒரு பாட்டைத் தட்டிவிட்டாள். நல்ல கனமான சத்தம் வந்தது. நிவியா பட்டியலைத் திறந்தாள். அவள் வீட்டில் ஏற்றிய அதே புது சிஸ்டம். ஒலிக்கு நேரே மஞ்சள் முக்கோணம் இல்லை. மூன்று நாளாக அந்த முக்கோணத்தையே பார்த்துப் பார்த்து, அது இல்லாத இடம் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

டிரைவர் இருந்த கோப்புறையைத் தோண்டி எடுக்கக் கால் மணி ஆனது. பன்னிரண்டு கோப்புகள். எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு பாட்டின் அளவுகூட வரவில்லை. பென் டிரைவில் ஏறிக்கொண்டிருக்கும்போது, உள்ளே கிடந்த ஒரு எழுத்துக் கோப்பைச் சும்மா திறந்தாள். செய்தவரின் பெயர். சீனப் பெயர். கீழே ஊர் தைப்பே என்று இருந்தது. அதற்கும் கீழே, எட்டு வருடம் முந்திய தேதியிட்டு ஒரு குறிப்பு. பேச்சு தொடங்கும் முன் சில இயந்திரங்களில் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கிறது, சரிசெய்யப்பட்டது.

உலகத்தின் அந்தக் கோடியில் முகம் தெரியாத ஒரு ஆள், அந்தச் சின்னச் சத்தம் யாருக்கோ இடைஞ்சலாகுமே என்று உட்கார்ந்து அதை நீக்கியிருக்கிறான். கயேகா வாயைத் திறக்கும்போதெல்லாம் அவனும் கூட இருந்திருக்கிறான். அவனிடமிருந்து எத்தனை கை மாறி இந்தப் பின்னறைக்கு இது வந்ததோ, யாருக்குத் தெரியும். ஆறு வருடம் அவர்கள் வீட்டில் நடந்த பேச்சுக்கெல்லாம் அவன்தான் வழிவிட்டிருக்கிறான். அதை அவனிடம் சொல்ல ஒரு வழியும் இல்லை.

"அவருக்காக ஒரு ஜெபம் பண்ணட்டுமா?" என்று நொயேமி கேட்டாள்.

"வேண்டாம், கோபப்படுவார்."

"அவர்கிட்ட சொல்லவேண்டாமே," என்றாள் நொயேமி. இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். நிவியா தலையைக் குனிந்துகொண்டு அரை நிமிடம் நின்றாள்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. டாக்டரின் சைக்கிள் வாசலில் சுவரோடு சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ வானொலியை நிறுத்தியிருந்தார்கள்.

அறையில் எல்லாம் அவள் விட்டுப்போன மாதிரியேதான் இருந்தது. அம்மா நாற்காலியில், உள்ளங்கை மலர்ந்து, அதில் அப்பாவின் விரல். கழுத்துத் துணி மட்டும் அசையவில்லை. வீட்டில் ஆறு வருடம் இரவும் பகலும் ஓடிய அந்த இழுப்புச் சத்தம் இல்லாமல் அறை விரிந்துபோயிருந்தது. நிவியா மண்டியிட்டு அப்பாவின் முழங்காலில் நெற்றியை வைத்தாள். அந்தச் சின்ன உடம்பு இவ்வளவு அசையாமல் இருக்கும் என்று அவள் நினைத்ததேயில்லை. பக்கத்தில் மூச்சு விடக்கூட அச்சமாக இருந்தது.

"கால் மணி நேரம் ஆச்சுடி," என்றாள் ஃபேலா. "பாதி சொல்லிக்கிட்டிருந்தார். விரல் நின்னுடுச்சு."

"நான் போயிருக்கக் கூடாதும்மா."

"நீ போகலேன்னா கோபமாப் போயிருப்பார்." அவள் முகத்தை மகள் பக்கம் திருப்பினாள். "கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

டாக்டர் பெண் சமையலறை மேசையில் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள். "ஃபோன் பண்ணிட்டேன். சவ வண்டி பக்கத்துலதான் எங்கேயோ நிக்குதாம், அரை மணியில வந்துடும். ராத்திரி முழுக்க மண்டபத்துல வச்சிருப்பாங்க, காலையில அடக்கம்."

"மண்டபத்துல ஊரே உட்கார்ந்திருக்கும்," என்றாள் ஃபேலா. "அங்கே எங்களால பேசமுடியாது. அரை மணியில முடியுமாடி உனக்கு?"

நிவியா எழுந்தாள். லாப்டாப் கட்டிலில் அவர் இடுப்போரமாக, திறந்தபடியே இருட்டிக் கிடந்தது. தொட்டதும் திரை விழித்தது. எழுத்து, மேலிருந்து கீழ்வரை எழுத்து. அவள் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் நகர்த்தும் பட்டை அரிசியளவுக்குச் சிறுத்திருந்ததை மட்டும் பார்த்துவிட்டாள். அவ்வளவு நீளம். மூன்று நாளில், இரண்டு விரலில்.

டிரைவரை ஏற்றினால் இயந்திரத்தை அணைத்துப் போட வேண்டும். அதற்குமுன் இதைச் சேமிக்க வேண்டும். பழைய சிஸ்டத்தில் தானாகச் சேமித்துக்கொள்ள வைத்திருந்தாள். புதியதில் அதைச் செய்தோமா என்று அவளுக்கு நினைவில்லை. கூரையைப் பார்த்தபடி, விரல் பழக்கத்தில் சேமிக்கும் விசைகளை அழுத்தினாள். பெயர் கேட்டு ஒரு சின்னக் கட்டம் வந்தது. கட்டத்தைப் பார்க்காமல் முடியாது. பெயர் வைக்காத கோப்புக்கு அதன் முதல் வரியையே பெயராக எடுத்து வைப்பது அந்த நிரலின் வழக்கம்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது இதுதான்: "முதல்ல நிவியாவை வெளியே அனுப்பு."

அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது சிரிப்பு. டாக்டர் பெண் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நிவியா அந்தப் பெயரிலேயே சேமித்தாள்.

பென் டிரைவைச் செருகினாள். இதைச் செய்தவரை நம்பலாமா என்று இயந்திரம் எச்சரித்துக் கேட்டது. நம்பு என்று அழுத்தினாள். ஒரு பச்சைக் கோடு அரைகுறையாக வளர்ந்து, நின்று, யோசித்து, மறுபடி வளர்ந்தது. அணைத்துப் போடச் சொன்னது. போட்டாள். கறுத்த திரையில் அவள் முகமும், பின்னால் கட்டிலும் தெரிந்தன. தெருவில் ஒரு கனமான வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. திரை வெளுத்தது. நான்கு சுரத்தில் சின்னதாக ஒரு இசை அறைக்குள் எழுந்து அடங்கியது.

ஃபேலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நிவியா கோப்பைத் திறந்து, திரையைத் தன் பக்கம் பார்க்காமல் திருப்பி, அம்மாவின் மடியில் வைத்தாள். ஃபேலா வலது கையைக் கணவன் விரலிலிருந்து எடுக்கவில்லை. இடது கையைப் பிடித்து வாசிக்கும் பொத்தானின் மேல் வைத்தாள் நிவியா.

"அழுத்தினா தொடங்கிடும். நான் வெளியே இருக்கேன்."

"ஏன், போகச் சொல்லியிருக்காரா?"

"முதல் வரியே அதுதான்."

ஃபேலாவின் உதடு கோணியது. "கதவை நல்லா சாத்திட்டுப் போ," என்றாள்.

வாசலில் சவ வண்டி இன்ஜினை நிறுத்தாமல் நின்றது. சாம்பல் சட்டை போட்ட இருவர் தள்ளுகட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் படியேறி வந்தபோது நிவியா சாத்திய கதவில் முதுகை வைத்து நின்றிருந்தாள்.

"அவர் எங்கே இருக்கார்ம்மா?"

"உள்ளே. கொஞ்சம் பொறுங்க."

"பிரேதத்தோட யார் இருக்கா?"

"எங்கம்மா."

கதவுக்குப் பின்னால், இன்ஜின் உறுமலுக்கு அடியில், ஒரு பெண் குரல் நிறுத்தாமல், ஏற்ற இறக்கமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இடையில் ஃபேலாவின் சிரிப்பு கேட்டது. சின்னப் பெண்ணின் சிரிப்பு. நிவியா அதற்குமுன் அதைக் கேட்டதில்லை. வாசலில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சிலுவைக்குறி போட்டாள்.

"இன்னும் ரெண்டு வீடு போகணும்மா," என்றார் பெரியவர். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியலங்க," என்றாள் நிவியா. "பேசிக்கிட்டிருக்காங்க."

அவர் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். உள்ளே குரல் போய்க்கொண்டேயிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். வண்டிக்குள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் நின்றது. குரல் மரக்கதவு தாண்டித் தெளிவாக வர ஆரம்பித்தது. சொற்கள் காதில் விழாத தூரத்துக்கு நிவியா எல்லோரையும் கூட்டிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய் நின்றாள்.